கினிப்பன்றிக் கூண்டில் ஃபிளீஸ் விரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செல்லப்பிராணிகள் பகுதிக்கு வந்த கடிதங்களில் கினிப்பன்றி வளர்ப்போர் எழுதியவை இம்முறை மிகுதியாக இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை கூண்டின் தரையில் விரிக்கும் ஃபிளீஸ் துணியைப் பற்றியே கேட்டிருப்பதால், அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்குமிடத்தில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கி வெளியிட்டுள்ளோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பெண் கினிப்பன்றிகள் உள்ளன. மரத்தூளில் தூசி பறக்கிறதே என்று ஃபிளீஸ் போர்வை ஒன்றை வாங்கி, கூண்டின் பிளாஸ்டிக் தட்டின் மேல் விரித்தோம். மறுநாளே சிறுநீர் துணியின் மேல் முத்து முத்தாக நின்றது. இரண்டின் வயிற்று முடியும் நனைந்து, கூண்டு நாறத் தொடங்கிவிட்டது. ஃபிளீஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று பலரும் சொல்வது உண்மைதானா? (கோவை வாசகி)

பதில்: ஃபிளீஸ் ஈரத்தை உறிஞ்சாது. அது உறிஞ்சாமல் இருப்பதால்தான் கூண்டுக்குப் பயன்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

கூண்டுகளில் பயன்படுத்தும் ஃபிளீஸ் பாலியெஸ்டர் இழையால் பின்னப்பட்டு, இருபுறமும் பஞ்சுபோல் எழுப்பிவிடப்பட்ட துணி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய மால்டன் மில்ஸ் என்ற ஆலை, கம்பளிக்கு மாற்றாக 1979ஆம் ஆண்டு இதைக் குளிராடைகளுக்காக உருவாக்கியது. பருத்தி இழை இயல்பான காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டர் இழையோ 0.4 விழுக்காட்டுக்கு மேல் ஏற்காது. எனவே ஃபிளீஸின் மேல் விழும் சிறுநீர் இழைக்குள் தங்குவதில்லை. அது இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகச் சல்லடையில் இறங்குவதுபோல் கீழே இறங்கிவிடும், மேற்பரப்பும் விரைவில் உலர்ந்துவிடும். இறங்கிய ஈரத்தை வாங்கிக்கொள்ளக் கீழே ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? நீங்கள் பிளாஸ்டிக் தட்டின் மேல் நேராக விரித்ததால், இறங்கியது போக இடமின்றித் துணிக்கடியிலேயே தேங்கி, விலங்குகள் மிதிக்கும்போதெல்லாம் மேலே ஏறி வந்திருக்கிறது.

முத்து முத்தாக நின்றதற்குக் காரணம் வேறு. புதுத் துணியில், தொடுவதற்கு மென்மையாக இருக்கட்டும் என்று ஆலையில் பூசிய மெருகுப்பூச்சு இருக்கும். அது நீரை ஒட்டவிடாது. ஆகவே புது ஃபிளீஸைக் கூண்டில் விரிக்கும் முன், வெந்நீரில் சாதாரண சோப்புத்தூள் போட்டு மூன்று நான்கு முறை துவைத்து உலர்த்துங்கள். எத்தனை முறை என்பது துணிக்குத் துணி மாறும் என்பதால், சோதித்துப் பார்த்துவிடுவதே நல்லது. உலர்ந்த துண்டு ஒன்றின் மேல் ஃபிளீஸை விரித்து, ஒரு தேக்கரண்டி தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றுங்கள். நீர் உருண்டு நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். சில நொடிகளில் மறைந்து, ஃபிளீஸின் மேல் கையை வைத்தால் ஏறத்தாழ உலர்ந்தும், அதைத் தூக்கிப் பார்த்தால் அடியிலுள்ள துண்டு நனைந்தும் இருந்தால் துணி தயார்.

அடியில் போட நம் வீடுகளில் எளிதாகக் கிடைப்பது தேங்காய்ப்பூத் துண்டு. பழையதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் பலமுறை துவைத்த பருத்தி நன்றாக உறிஞ்சும். இரண்டு அடுக்காகப் போடுங்கள். துண்டு இல்லாவிட்டால் பழைய பருத்திப் போர்வையை நாலாக மடித்துப் போடலாம். ஆனால் துண்டு எக்காரணத்தைக் கொண்டும் மேலே வரக்கூடாது. அதன் பூவேலையில் உள்ள சிறு கண்ணிகளில் கினிப்பன்றியின் நகம் மாட்டிக்கொண்டால், பதறி இழுக்கும்போது நகம் பிய்ந்துவிடும். மேலும் பருத்தி ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால், அதன் மேல் படுக்கும் விலங்கின் வயிறும் பாதமும் ஈரத்திலேயே கிடக்கும். உறிஞ்சுவது கீழேயும் உறிஞ்சாதது மேலேயும் இருக்கும்போதுதான் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

அளவைப் பொறுத்தவரை, இரண்டு கினிப்பன்றிகளுக்குக் குறைந்தது 7.5 சதுர அடித் தரை வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பத்துச் சதுர அடிக்கு மேல் இருந்தால் அவை ஓடியாடும். உங்கள் தட்டின் நீள அகலத்தைவிட ஒவ்வொரு புறமும் நாலைந்து அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரங்களை உறிஞ்சும் அடுக்கின் அடியில் மடித்துச் செருகுங்கள். ஃபிளீஸ் பின்னல் துணியாதலால் வெட்டிய ஓரம் பிரிந்து நூல் தொங்காது, தைக்க வேண்டிய தேவையும் இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு வேலை அன்றாடம் இருக்கும். கினிப்பன்றி நாள் முழுவதும் தின்னும், நாள் முழுவதும் புழுக்கையிடும். ஒரு விலங்கு நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட புழுக்கைகள் போடும். மரத்தூளில் அவை கண்ணில் படாமல் புதைந்துவிடும், ஃபிளீஸிலோ மேலேயே கிடக்கும். காலையும் மாலையும் சிறு தூரிகையும் முறமும் கொண்டு கூட்டி அள்ளிவிட வேண்டும். துணி முழுவதையும் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அவை படுக்கும் மூலையில் மட்டும் சிறு விரிப்பு ஒன்றைத் தனியாகப் போட்டு அதை நாள்தோறும் மாற்றினால், பெரிய துணி கூடுதலாக ஓரிரு நாள் தாங்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் பின்னலாடை நிறுவனங்களில் மிஞ்சும் ஃபிளீஸ் துணி கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. அதையே விரிக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: முதலில் அது எந்த இழை என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஸ்வெட்ஷர்ட்டுகளுக்குப் பின்னப்படும் ஃபிளீஸ் பெரும்பாலும் பருத்தியாகவோ, பருத்தி கலந்ததாகவோ இருக்கும். ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் பஞ்சு எழுப்பியும் இருப்பதைக் கொண்டே அதை அடையாளம் காணலாம். அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் துணி என்பதால் மேல்விரிப்புக்கு ஆகாது. ஆனால் அடியில் போடும் உறிஞ்சும் அடுக்குக்கு அதைவிட நல்லது கிடைப்பது அரிது, அதுவும் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். பாலியெஸ்டர் ஃபிளீஸ் இருபுறமும் ஒரேபோல் பஞ்சாக இருக்கும். குளிர்காலப் போர்வையாகவும் ஏ.சி. அறைப் போர்வையாகவும் கடைகளில் விற்பது பெரும்பாலும் அதுதான். ஒரு விரிப்புப் போர்வையை வாங்கிக் கூண்டின் அளவுக்கு வெட்டிக்கொண்டால் செலவும் அதிகம் ஆகாது.

கேள்வி: கடையில் வாங்கிய கூண்டின் தரை முழுவதும் கம்பி வலை. புழுக்கை கீழே விழுந்துவிடுவதால் சுத்தம் செய்வது எளிது என்றார்கள். ஆனால் எங்கள் கினிப்பன்றியின் பின்னங்கால் அடிப்பகுதி சிவந்து, ஒரு காலில் சிறு பொருக்குக் கட்டியிருக்கிறது. வலையின் மேல் ஃபிளீஸ் போட்டால் சரியாகிவிடுமா? (மதுரை வாசகர்)

பதில்: தயவுசெய்து இந்தக் கடிதத்துக்கான பதிலைப் படித்து முடித்த அன்றே கால்நடை மருத்துவரிடம் விலங்கைக் காட்டுங்கள். நீங்கள் சொல்வது பாதப்புண்ணின் தொடக்கமாகத் தெரிகிறது.

கினிப்பன்றிக்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று விரல். உள்ளங்காலில் முடி கிடையாது, நம் உள்ளங்கையைப் போல் வெறும் தோல்தான். வளர்ந்த விலங்கு 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை எடை இருக்கும். அந்த எடை முழுவதும் சில கம்பிகளின் மேல், நாள் முழுவதும் அழுந்தும்போது தோல் கன்றிச் சிவக்கிறது, பிறகு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்ணுயிர் புகுந்து சீழ் பிடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் அது எலும்புவரை போய்விடும், அதன் பிறகு குணப்படுத்துவது மிகக் கடினம். கம்பி வலை மட்டும்தான் காரணம் என்றில்லை. எப்போதும் ஈரமாக இருக்கும் விரிப்பு, அளவுக்கு மீறிய எடை, உயிர்ச்சத்து சி குறைபாடு ஆகியவையும் இதே நோயைக் கொண்டுவரும். மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் உயிர்ச்சத்து சியைத் தானே உற்பத்தி செய்துகொள்ளாது. எனவே நாள்தோறும் ஒரு துண்டு குடைமிளகாயோ, சிறு துண்டு கொய்யாவோ உணவில் இருக்க வேண்டும். அது குறைந்தால் தோல் ஆறும் ஆற்றலும் குறைந்துவிடும்.

வலையின் மேலேயே ஃபிளீஸ் போடுவது போதாது. துணி கம்பிகளுக்கிடையே தொய்ந்து, கம்பியின் விளிம்பு முன்போலவே பாதத்தில் அழுத்தும். வலையைக் கழற்றி எடுத்துவிட்டுச் சமதளமான தட்டின் மேல் உறிஞ்சும் அடுக்கும் அதன் மேல் ஃபிளீஸும் போடுங்கள். கழற்ற இயலாத வலையாக இருந்தால், கூண்டின் அளவுக்கு வெட்டிய நெளிவற்ற பிளாஸ்டிக் பலகையை அதன் மேல் பொருத்துங்கள். புண் ஆறும்வரை துணியை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் மனிதர்களுக்காக வாங்கிவைத்த அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளைக் கினிப்பன்றிக்கு வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். அவை அதன் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களை அழித்து, சில நாட்களில் உயிரையே எடுத்துவிடும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். கினிப்பன்றிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவராக இருந்தால் மிகவும் நல்லது.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். ஃபிளீஸைத் துவைப்பதுதான் பெரும்பாடு. முடியும் புல்லும் துணி துவைக்கும் பொறிக்குள் சிக்கிக்கொள்கின்றன. மழை நாட்களில் காய்வதே இல்லை. துவைத்த பிறகும் லேசாக நாற்றம் இருக்கிறது. மணம் தரும் திரவம் சேர்த்துத் துவைக்கத் தொடங்கிய பிறகு, முன்பு நன்றாக இறங்கிய ஈரம் இப்போது மேலேயே நிற்கிறது. என்ன செய்வது? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: உங்கள் கடைசி வரியில் விடை இருக்கிறது. துணியை மென்மையாக்கும் திரவம், பெயர் எதுவாக இருந்தாலும், இழைகளின் மேல் மெல்லிய கொழுப்புப் படலத்தை விட்டுச் செல்லும். மேல்சட்டைக்கு அது இதம், கூண்டு விரிப்புக்கு அது கேடு. புதுத் துணியின் மெருகுப்பூச்சைத் துவைத்துத் துவைத்துப் போக்கிவிட்டு, மீண்டும் அதேபோன்ற பூச்சை நாமே ஏற்றுகிறோம். அத்துடன் அந்தச் செயற்கை மணம் கினிப்பன்றியின் மூச்சுப்பாதைக்கும் ஆகாது. அதை நிறுத்திவிட்டு, வெந்நீரில் மணமற்ற சோப்பு கொண்டு இரண்டு மூன்று முறை துவைத்தால் துணி பழைய நிலைக்கு வந்துவிடும்.

நாற்றத்துக்கும், துணியில் வெண்மையாகப் படியும் கறைக்கும் வெள்ளை வினிகர் போதும். கினிப்பன்றியின் சிறுநீர் காரத்தன்மை உடையது, அதில் சுண்ணாம்புச்சத்து மிகுதியாக வெளியேறும். ஈரம் உலர்ந்த பிறகு மாவு தூவியதுபோல் தெரிவது அதுதான். அமிலமாகிய வினிகர் அதைக் கரைத்துவிடும். துணியை அலசும் கடைசித் தண்ணீரில் அரைக் கோப்பை வினிகர் சேருங்கள். கறை கெட்டியாக இருந்தால், ஒரு பங்கு வினிகரும் ஒரு பங்கு தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுத் துவையுங்கள். ஆனால் வினிகர் சேர்க்கும் நாளில் பிளீச்சைத் தொடவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது உங்களுக்கே ஆபத்து.

முடிக்கும் புல்லுக்கும் வழி, துணிப்பொறிக்கு வெளியிலேயே வேலையை முடிப்பதுதான். துணி உலர்ந்திருக்கும்போதே புழுக்கையைக் கொட்டிவிட்டு, ரப்பர் கையுறை அணிந்த கையால் ஒரே திசையில் அழுத்தித் தேயுங்கள். முடி திரிதிரியாகத் திரண்டு வந்துவிடும். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் முக்கி அலசி, அந்த நீரை வடிகட்டி ஊற்றிவிட்டு, துணியை ஜிப் வைத்த வலைப்பையில் போட்டுத் துணிப்பொறிக்குள் இடுங்கள். வீட்டாரின் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். சாதாரண நாட்களில் 40 டிகிரி வெப்பம் போதும். விலங்குக்குத் தோல்நோயோ வயிற்றுப்போக்கோ இருந்தால் 60 டிகிரியில் துவையுங்கள். பாலியெஸ்டர் துணி துவைக்கும்போது நுண்ணிழைகளை உதிர்க்கும், அவை சாக்கடை வழியாகக் கடல்வரை போகும். துணிப்பொறியை அரைகுறையாக நிரப்பாமல் முழுமையாக நிரப்பித் துவைத்தால் உரசல் குறைந்து உதிர்வதும் குறையும் என்பதால், இரண்டு முறைக்கான விரிப்புகளைச் சேர்த்து வைத்துத் துவைப்பது நல்ல பழக்கம். சேர்த்து வைக்கும் துணியை ஈரத்தோடு மூடி வைக்காமல் அலசிக் காற்றாட வையுங்கள்.

காய்வதைப் பொறுத்தவரை, ஃபிளீஸை நன்றாகப் பிழிந்துவிட்டால் மின்விசிறிக் காற்றிலேயே சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் நம்மைப் படுத்துவது அடியில் போடும் துண்டுதான். எனவே ஃபிளீஸ் இரண்டு வைத்திருந்தால் துண்டுத் தொகுதி மூன்று நான்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகக் காய்ந்த துண்டை விரித்துவிட்டு மேலே உலர்ந்த ஃபிளீஸைப் போட்டால் பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் இடையிலுள்ள இளஞ்சூட்டில் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். இஸ்திரி போட்டு உலர்த்த முயல வேண்டாம். பஞ்சு இளகி ஒட்டி, துணி சொரசொரப்பாகிவிடும்.

கேள்வி: தரை துடைக்கும் பினாயில் தண்ணீரில் துணியை ஊறவைத்தால் கிருமி போய்விடும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். செய்யலாமா? (திருச்சி வாசகி)

பதில்: கூடாது. அந்த நெடி துணியைவிட்டுப் போகாது, நாள் முழுவதும் மூக்கை அதன் மேலேயே வைத்திருக்கும் விலங்கின் நுரையீரலுக்கு அது கெடுதல். சோப்பு, வெந்நீர், வெயில் இந்த மூன்றும் போதும். துவைத்த ஃபிளீஸை அலமாரியில் அடுக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே அனல் அடிக்கும். ஃபிளீஸ் குளிருக்கான துணியாயிற்றே, கோடையிலும் விரிக்கலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: நியாயமான கவலை. கினிப்பன்றிக்கு வியர்க்காது. அதற்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. 27, 28 டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு உண்டு, காற்றில் ஈரப்பதமும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். வேலூர் வெயிலில் விரிப்பைப் பற்றி யோசிக்கும் முன் கூண்டு இருக்கும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையும் மேற்குச் சுவர் ஓரமும் வேண்டவே வேண்டாம்.

கனமான ஃபிளீஸ் தன் பஞ்சுக்குள் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு சூட்டை வெளியே விடாது. ஆனால் தரையில் ஒற்றை விரிப்பாகப் போடும் மெல்லிய ஃபிளீஸால் பெரிய தொல்லை வராது, ஏனெனில் விலங்கின் முதுகும் பக்கங்களும் திறந்த காற்றிலேயே இருக்கின்றன. கோடையில் எடுத்துவிட வேண்டியவை ஃபிளீஸால் தைத்த பைகளும், சுரங்கப்பாதை போன்ற மறைவிடங்களும், தொங்கும் தொட்டில்களும்தான். அவற்றுக்குப் பதில் இரண்டு பக்கமும் வாசல் வைத்த அட்டைப்பெட்டி போதும். தரையின் ஒரு பகுதியில் ஃபிளீஸை மடித்து ஒதுக்கிவிட்டு, பெரிய தரை ஓடு ஒன்றையோ கடப்பைக்கல் துண்டையோ வையுங்கள். சூடு கூடும்போது அவை தாமாகவே அங்கே வந்து வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். விலங்கு உடலைத் தளரவிட்டுக் கிடந்து, வேகமாக மூச்சுவாங்கி, வாயில் எச்சில் ஒழுகினால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலான இடத்துக்குக் கொண்டுபோய், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கக் கூடாது.

கேள்வி: கினிப்பன்றியின் மூக்கருகில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் செதிலாக இருக்கிறது. அதைத் தூக்கி விளையாடும் என் மகளின் கையிலும் வட்டமான தடிப்பு வந்திருக்கிறது. ஃபிளீஸ் துணிதான் ஒத்துக்கொள்ளவில்லையா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: துணி ஒவ்வாமையாக இருந்தால் வயிற்றிலும் பாதத்திலும் தெரிய வேண்டும். மூக்கு, கண், காது ஓரங்களில் தொடங்கி வட்டமாகப் பரவுவதும், கையில் எடுத்தவருக்கும் அதே வட்டம் வருவதும் படர்தாமரையின் இயல்பு. ட்ரைக்கோஃபைட்டன் மெண்டாக்ரோஃபைட்டிஸ் என்னும் பூஞ்சைதான் கினிப்பன்றிகளில் பெரும்பாலும் இதற்குக் காரணம், அது மனிதருக்கும் தொற்றும். மகளைத் தோல் மருத்துவரிடமும் கினிப்பன்றியைக் கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். வீட்டில் விலங்கு இருப்பதைத் தோல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

துணி இந்நோயை உண்டாக்கவில்லை, ஆனால் நோயைத் தக்கவைக்கும். பூஞ்சையின் வித்துகள் உதிர்ந்த முடியோடு துணியில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் உயிரோடு இருக்கும். ஆகவே சிகிச்சை முடியும்வரை ஃபிளீஸை எடுத்துவைத்துவிட்டு, செய்தித்தாளின் மேல் வெள்ளைத்தாள் விரித்து நாள்தோறும் மாற்றி எறிந்துவிடுவது பாதுகாப்பானது. எடுத்த ஃபிளீஸைத் தனியாக 60 டிகிரி வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் காயவைத்து, மருத்துவர் சொன்ன பிறகே மீண்டும் விரியுங்கள். கையுறை இல்லாமல் அந்தத் துணியை உதறாதீர்கள். கடுமையாகச் சொறிந்து சொறிந்து துடித்தால் அது படர்தாமரை அல்ல, தோலுக்குள் துளையிடும் சிறு உண்ணியாக இருக்கலாம். அதற்கான மருந்து வேறு.

கேள்வி: எங்கள் கினிப்பன்றி ஃபிளீஸைக் கடித்து ஓட்டை போடுகிறது. ஓரத்தைத் தூக்கி அடியிலும் புகுந்துகொள்கிறது. ஆபத்தா? (சேலம் கல்லூரி மாணவர்)

பதில்: அடியில் புகுவது மறைவிடம் தேடும் இயல்பு. பயந்த சுபாவமுள்ளவை அதிகம் செய்யும். கூண்டில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு மறைவிடம் வீதம் வைத்தால் பெரிதும் குறைந்துவிடும். ஓரங்களை அடியில் செருகி, அதன் மேல் புல்தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வைத்துவிட்டால் தூக்க முடியாது. கடிப்பதைத்தான் கவனிக்க வேண்டும். கடித்துத் துப்புகிறதா, விழுங்குகிறதா என்று பாருங்கள். ஓட்டை பெரிதாகி வரும்போது கூண்டில் துணுக்குகள் கிடந்தால் துப்புகிறது என்று பொருள். துணுக்கே கிடைக்காவிட்டால் விழுங்குகிறது. பாலியெஸ்டர் செரிக்காது, குடலை அடைத்துவிடும். அப்படிப்பட்ட விலங்குக்கு ஃபிளீஸ் வேண்டாம். தின்பது நின்று, புழுக்கை குறைந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, கடிக்கும் பழக்கம் பெரும்பாலும் புல் போதாமையின் அறிகுறி. அதன் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை.

கேள்வி: இதுவரை தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் வாங்கிப் போட்டு வந்தோம். ஃபிளீஸுக்கு மாறுவதால் உண்மையிலேயே நன்மை உண்டா? புல்லும் துணியில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பட்டறை மரத்தூளை விடுவது என்ற உங்கள் முடிவில் எங்களுக்கு முழு உடன்பாடு. எந்த மரம் என்று தெரியாது, ஒட்டுப்பலகையின் பசைத்தூளும் அதில் கலந்திருக்கும், நுண்தூசி கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். தேவதாரு, பைன் போன்ற மணமுள்ள மரங்களின் சீவலில் உள்ள எண்ணெய்ப்பொருள்கள் மூச்சுப்பாதையை அரிக்கும் என்பதும் தெரிந்ததே.

ஃபிளீஸின் நன்மைகளில் நாங்கள் முதலிடம் தருவது, அதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதற்குத்தான். வெளிர்நிறத் துணியாக வாங்கினால் சிறுநீரில் இரத்தம் கலந்தாலும், புழுக்கை இளகினாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புள்ள இவ்விலங்கின் விஷயத்தில் அந்த ஒரு நாள் முந்துவது மிகப் பெரிது. ஆனால் வாரம் இருமுறை துவைக்கவும் நாள்தோறும் கூட்டவும் வீட்டில் ஆள் இல்லையென்றால் ஃபிளீஸுக்கு மாற வேண்டாம் என்றே வெளிப்படையாகச் சொல்வோம். மாற்றாத ஃபிளீஸில் சிறுநீர் சிதைந்து அம்மோனியா எழும். நின்றுகொண்டிருக்கும் நமக்கு லேசாக நாறும்போதே, தரையோடு மூக்கு வைத்திருக்கும் அதற்குக் கண்ணெரியும் அளவுக்கு நெடி இருக்கும். துவைக்க இயலாதவர்களுக்குக் காகிதத்தால் செய்த விரிப்புப் பொருள்களே நல்லவை.

புல் ஒட்டுவது உண்மை. பெரு, பொலிவியா போன்ற ஆண்டிஸ் மலைநாடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சமையலறைத் தரையிலேயே புல் போட்டு வளர்க்கப்பட்டு வந்த விலங்கு இது. புல் இருக்குமிடத்திலேயே நின்று தின்னும், தின்றுகொண்டே கழிக்கும். இந்தப் பழக்கத்தை மாற்ற முயலாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூண்டின் ஒரு கோடியில், தாழ்ந்த விளிம்புள்ள அகலமான தட்டு ஒன்றை வைத்து, அதில் காகிதச் சீவலோ செய்தித்தாளோ பரப்பி, புல் முழுவதையும் அதன் மேலேயே கொடுங்கள். ஈரத்திலும் புழுக்கையிலும் பெரும்பங்கு அந்தத் தட்டிலேயே விழுந்துவிடும். அதை நாள்தோறும் கொட்டி மாற்றினால், மீதித் தரையிலுள்ள ஃபிளீஸில் புல்லும் ஒட்டாது, துணியும் ஐந்தாறு நாள்வரை தாங்கும். தட்டு சிறியதாக இருந்தால் முன்பாதி தட்டிலும் பின்பாதி துணியிலும் நிற்கும் என்பதால், இரண்டு விலங்குகளும் உடல் முழுவதையும் உள்ளே வைத்து நிற்கும் அளவுக்குப் பெரிய தட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

மாறும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடாமல், முதல் வாரம் பாதித் தரையில் மட்டும் ஃபிளீஸை விரியுங்கள். பழைய விரிப்பில் ஒரு பிடியைப் புல்தட்டில் போட்டுவைத்தால், தங்கள் வாசனை அங்கே இருப்பதைக் கண்டு அவை விரைவில் அந்த இடத்தையே பழக்கமாக்கிக்கொள்ளும்.